இரண்டு வண்டிக்கு ஒரு கம்ப்ரசர்

மார்ச் 3, செவ்வாய்

வண்டி உட்கார்ந்துவிட்டது. நிஜமாகவே உட்கார்ந்துவிட்டது! மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கி வந்தால், பின்பக்கம் தரையோடு தரையாக, முன்பக்கம் வானத்தைப் பார்த்தபடி, என் வெள்ளை வண்டி கோபித்துக்கொண்ட பெரிய மனுஷி மாதிரி இருக்கிறது. வாட்ச்மேன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மூட்டுத் தேய்மானமா இருக்கும் டாக்டரம்மா, நீங்கதானே பாக்கணும்" என்றார். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று இன்னும் எத்தனை தடவை சொல்வது.

அக்காவுக்குப் போன் செய்தேன். "மலை, காடுன்னு பணக்காரங்க சுத்துற வண்டி. புதுசுல ஒரு வீட்டு விலை. உனக்கு மட்டும் ஏன் சல்லிசா குடுக்குறாங்கன்னு கேட்டியாடி?"

கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன், பக்கத்தில் வந்த லாரிக்காரரின் கண் என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது, வாங்கிவிட்டேன். எல்லாரையும் அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிய குள்ளச்சிக்கு வேறு காரணம் வேண்டுமா?

மார்ச் 6, வெள்ளி

மெக்கானிக் விளக்கினார். இந்த வண்டியில் ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதில் சக்கரத்துக்கு மேலே காற்றுப் பைகள். வயசாகிப் பை கசிகிறது. கசியக் கசிய, காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடிக் கருகிவிட்டது. இரண்டையும் மாற்றணும். விலையைச் சொன்னார். உட்கார இடம் தேடினேன்.

பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். நகர்ந்து இடம் விட்டு, "முதல் தடவையா?" என்றார், ஆபரேஷனுக்கு வந்தவளைக் கேட்பது மாதிரி. அவருக்குப் பின்னால் அதே வண்டி, பச்சை நிறத்தில். அதுவும் உட்கார்ந்துதான் இருந்தது.

மெக்கானிக்குக்கு யார் பெயரும் மனசில் நிற்காது, நிறம்தான் நிற்கும். நான் வெள்ளை மேடம். அவர் பச்சை சார்.

மார்ச் 12, வியாழன்

கம்ப்ரசர் வந்தது. ஒன்றே ஒன்று! இந்த மாடலுக்குச் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். அடுத்தது எப்போது கிடைக்குமோ தெரியாது. "யாருக்குப் போடட்டும்?" என்று மெக்கானிக் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பச்சை சார் எனக்கு முன்பிருந்தே காத்திருக்கிறார். நிலம் அளக்கிற சர்வேயர், மேடு பள்ளமெல்லாம் போகணும். எனக்கோ வீட்டோடு படுத்துக் கிடக்கும் நோயாளிகள். வாதாடத் தொண்டையைச் செருமினேன்.

"வெள்ளைக்கே போடுங்க" என்றார். "பச்சைக்குக் குனிஞ்சு நடந்து பழக்கமாயிடுச்சு."

வெளியே வந்து, தூக்கி நிறுத்தியிருந்த பின்கதவில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

நெற்றியில் புடைப்பு. ஏனோ சந்தோஷமாக இருக்கிறது. மூளையில் அடி பட்டிருக்குமோ?

மார்ச் 23, திங்கள்

வண்டி ஜம்மென்று எழுந்து நிற்கிறது. ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை.

சாயங்காலம் ஒர்க் ஷாப்புக்குப் போய், இடது பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்றேன். மெக்கானிக் தெருவை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வலது பக்கமாக இருக்கலாம் என்றேன். இன்னொரு சுற்று. இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே, "பச்சை சார் வியாழக்கிழமை வருவார் மேடம்" என்றார்.

"நான் கேட்டேனா?"

"நீங்க கேக்கல. எனக்குத்தான் சத்தம் கேட்டுச்சு."

இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

மார்ச் 26, வியாழன்

போனேன்.

இரண்டு டீ, ஒரு பாக்கெட் பிஸ்கெட். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். ஏன் என்றேன். "அளந்துக்கிட்டே இருந்துட்டேன்" என்றார். விவாகரத்தானவள் என்று நானும் சொன்னேன். அவர் "அப்படியா" என்று இரக்கப்படவில்லை. கடைசி பிஸ்கெட்டை உடைத்துப் பாதியை நீட்டினார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில் மலைக்குப் போகலாமா என்று யாரோ கேட்டார்கள். நான்தான் கேட்டிருக்கிறேன்! இந்த வயசில்!

அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் போனில் என் குரலைக் கேட்டே, "என்னடி, பாட்டு மாதிரி பேசுற?" என்கிறாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

மலைப்பாதையில் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு நிலத்தகராறில் அவர் அளவுச் சங்கிலியோடு சேற்றில் விழுந்த கதை. கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. சூடு காட்டும் முள் மேலே ஏறியதை ரெண்டு பேரும் பாக்கல. புகை வந்தப்புறம்தான் பார்த்தோம். தண்ணி போற பிளாஸ்டிக் குழாய் வெடிச்சிருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம எவ்வளவு தூரம் ஓட்டினேனோ — எஞ்சின் வெந்துடுச்சு. நானே ஆசைப்பட்டு, நானே சம்பாதிச்சு வாங்கின வண்டி. நானே கொன்னுட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மெக்கானிக் சொல்கிறார்: "வெள்ளைக்கு எஞ்சின் போச்சு, மத்ததெல்லாம் நல்லா இருக்கு. பச்சைக்கு எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, அடிப்பாகம் பூரா துரு. ரெண்டையும் சேத்தா ஒரு நல்ல வண்டி."

பச்சை சார் யோசிக்கவே இல்லை. "என் எஞ்சினை எடுத்துப் போட்டுடுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முதலில் கம்ப்ரசர், இப்போது எஞ்சின். எப்பவும் வாங்கிக்கிறவளா நான்? முன்னாடி ஒருத்தர் வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு பொருளையும் பல வருஷம் சொல்லிக்காட்டினார், தலையணை உறை வரைக்கும். இனிமே யார்கிட்டயும் கை நீட்டக் கூடாதுன்னுதானே தனியா இருக்கேன்? வெள்ளையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

போன் அடிக்கிறது. எடுக்கவில்லை. அது நின்றால் ஏன் நின்றது என்று இருக்கிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

பதினொரு மணி நோயாளி திரையை விலக்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பச்சை சார்! பணம் கட்டி, சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"எங்க வலி?" என்றேன், முகத்தை இறுக்கிக்கொண்டு.

"வலி இல்லீங்க. நீங்க போன் எடுக்கல."

"எனக்கு உங்க தியாகம் வேண்டாம்."

"தியாகமா? எனக்கு வண்டி வேணுங்க. என்கிட்ட எஞ்சின் இருக்கு, உங்ககிட்ட மிச்சம் இருக்கு. பாதிப் பாதி. எனக்கும் ஒரு சாவி."

இதை நான் யோசிக்கவே இல்லையே! அவர் சும்மா கொடுப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், மனுஷன் பங்கு கேட்டிருக்கிறார். அதற்குள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து முதுகுவலிக்காரர், "சரின்னு சொல்லும்மா, என் நேரமும் போகுது" என்றார். சிரித்த சிரிப்பில் ஹெட் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

சரி என்றேன்.

ஏப்ரல் 22, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எஞ்சின் மாறினால் வண்டிப் பதிவையும் மாற்றணும். போக்குவரத்து அலுவலகத்தில், இருவர் பேரிலும் பதியச் சொன்னோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா நிமிராமலே, "ரெண்டு பேருக்கும் என்ன உறவு?" என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன். பேனா மூடியைப் பார்த்தேன். பச்சை சார் என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, மிகவும் மரியாதையாக, "அதையும் பதியணும் மேடம். அது எந்த ஆபீஸ்?" என்று கேட்டார்.

அந்த அம்மா நிமிர்ந்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை முழுக்க நிமிர்ந்தது.

"எதிர்க் கட்டடம், ரெண்டாவது மாடி" என்றேன். நான்தான் சொன்னேன்! எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டிருந்தால் செத்திருப்பேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "அந்த வண்டியை விக்கிற எண்ணமே இல்லையா அப்ப?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஜூன் 21, ஞாயிறு

நெடுஞ்சாலை ஓரம். மழை. இந்தத் தடவை கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது. மெக்கானிக் கிளம்பிவிட்டாராம், சாப்பிட்டுவிட்டு வருவாராம். பின் சீட்டில் அக்கா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். நல்ல வேளை, இந்த மாத பில் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது.

அடியில் பாத்திரம் வைத்துவிட்டு வந்து, நனைந்த தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மெல்ல இந்தப் பக்கம் கழுத்தை நீட்டுகிறார் பச்சை சார்.

ஏங்க, இது நாட்குறிப்பு. வீட்டுக்காரரா இருந்தாலும் படிக்கக் கூடாது.