நீ கேன்சல் செய்த மலை

ஓசூர்
12.11.2025

அன்பு மகன் பூபதிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம், மாற்றி வைத்த முட்டியும் சுகம், குழாயில் தண்ணீரும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அங்கே நீயும் சுப்ரியாவும் ஹரிணிக் குட்டியும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. போன் இருக்கும்போது எதற்கம்மா லெட்டர் என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு பேச்சு முழுதாகப் பேச விடுவதில்லை ஐயா, நான் வாயைத் திறந்தால் நீ சும்மா இரும்மா என்கிறாய், அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீதான் சும்மா இருந்தாக வேண்டும். பெங்களூர் முதியோர் குடியிருப்புக்காரர்கள் அனுப்பிய எட்டுத் தாள் படிவம் கூரியரில் வந்து சேர்ந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடு, தை பிறந்ததும் அங்கே குடிபோய்விடலாம், ஓசூர் வீட்டை விற்றுவிடலாம் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள்.

நான் மலை ஏறினேன். நீ கேன்சல் செய்தாயே, அதே மலைதான். ஏறியது மட்டும் இல்லை, மேலே இருக்கிற பழைய கோட்டை மதில் மேலேயே நடந்து சுற்றி வந்து, என் கால்களாலேயே இறங்கியும் வந்துவிட்டேன். இப்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

ஆடி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன், ஒன்றும் உடையவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் உனக்கு ஒரு மனுஷியாகவே தெரியவில்லை. ஹாலில் கேமரா வைத்தாய், பக்கத்து வீட்டு நாராயணம்மாவிடம் தினம் என்னைப் பற்றி ரிப்போர்ட் கேட்டாய், வீட்டுக்கு புரோக்கரை அனுப்பினாய். நான் தனியாகவே இருந்துகொள்கிறேன் என்றதற்கு, முதல்ல மாடிப்படிய ஒழுங்கா ஏறி எறங்கிக் காட்டும்மா, அப்புறம் நீ தனியா இருக்கறதப் பத்திப் பேசலாம் என்று சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையிலிருந்து மொட்டை மாடிப் படியை ஏறி இறங்க ஆரம்பித்தேன், காலையிலும் சாயந்திரமும், மூன்று மாதம். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போய் மலை ஏறலாமா என்று கேட்டேன். தரையில் சம்மணம் போடாதீங்க, நடக்கிறத மட்டும் விட்டுறாதீங்க, எறக்கத்துல அவசரம் வேண்டாம் என்றார். நான் அவரைக் கேட்டுத்தான் செய்தேன், நீதான் என்னைக் கேட்காமல் செய்தாய்.

அந்த மலை உனக்குத் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகும்போது இடது பக்கம் தெரியும், உச்சியில் பல் விழுந்த மாதிரி ஒரு மதில். இருபத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் போனதில்லை, லீவு நாளில் துணி துவைக்கவும் மாவாட்டவும்தான் நேரம் இருந்தது. யூடியூபில் பார்த்தால் பெங்களூர்க்காரர்கள் அங்கே ஆட்களை அழைத்துப் போகிறார்களாம், கூட்டம் கிடையாது, நமக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி. நானே பதிவு செய்தேன், ஒருவரையும் கேட்கவில்லை, எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! ஆனால் என் இமெயில் நீ உண்டாக்கியது, அதில் வருவதெல்லாம் உன் போனுக்கும் வருகிறது என்பது எனக்கு நினைவில்லை. நீ அங்கே பல் தேய்த்துக்கொண்டே கேன்சல் செய்துவிட்டாய். ஒரு வார்த்தை, ஏம்மா உனக்கு அங்கே போகணுமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அன்றைக்கு அழுகைகூட வரவில்லை பூபதி, அவ்வளவு கோபம்.

நல்ல வேளையாக முதலில் என் போனுக்கு வந்த மெசேஜில் வழிகாட்டியின் பேரும் நம்பரும் இருந்தது. மாதேஸ்வரி என்று பேர், மலையடிவாரத்து ஊர்க்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும், சீத்தாப்பழம் பறிக்கப் போய்ப் போய் அந்த மலையில் ஒவ்வொரு கல்லும் பழக்கமாம். நான் கூப்பிட்டதும், அம்மா உங்குளுது கேன்சல்னு வந்துச்சுங்களே என்றாள். கேன்சல் பண்ணுனது எம் மவன் தாயி, ஏறப் போறது நான்லா என்று சொன்னேன். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்ப ஞாயித்துக்கெழம வெடியால வந்துருங்கோ என்றாள். நாராயணம்மாவை நீ திட்டக் கூடாது. நான் கோயிலுக்குப் போயிருப்பதாக அன்றைக்கு அவள் உன்னிடம் சொன்னது நான் சொல்லச் சொல்லித்தான். பாவம், பொய் சொல்லத் தெரியாமல் எந்தக் கோயில் என்று நீ கேட்டதும் போனை வைத்துவிட்டாளாம்.

இதில் என் முட்டாள்தனம் ஒன்று இருக்கிறது, மறைக்காமல் எழுதுகிறேன். மலைக்குப் போவதற்கு நல்ல ஷூ வேண்டுமே என்று, ரிட்டையர் ஆன அன்றைக்குப் பெட்டிக்குள் வைத்த கம்பெனி சேஃப்டி ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனேன். முன்னால் இரும்புத் தொப்பி வைத்தது, கால் மேல் இரும்பே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, இதைவிடவா என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் மாதேஸ்வரி, ஏம்மா மலைக்கு வந்தீங்களா ஷிஃப்ட்டுக்கு வந்தீங்களா என்று கேட்டாள். கோட்டையின் முதல் வாசலைத் தாண்டவில்லை, அடிப்பாகம் கேப்பை மாவு மாதிரி உதிர ஆரம்பித்துவிட்டது. வருஷக்கணக்காகப் போடாமல் வைத்திருந்தால் அப்படித்தான் ஆகுமாம். பத்தடி போவதற்குள் ஒரு பக்கம் முழுசாகக் கழன்று பின்னாலேயே கிடந்தது. அவள் திரும்பிப் போயிடலாமா என்று கேட்கவே இல்லை. கழட்டிருங்கோ, பாறைக்கு வெறுங்காலுதாங்க நல்லது என்றாள். கழற்றினேன். காலையில் பாறை ஜில்லென்று இருந்தது, நன்றாகவும் பிடித்தது.

கோட்டை என்றால் நீ சிமெண்ட் பூசி, கைப்பிடி போட்டு, டிக்கெட் கொடுக்கிற இடமாக நினைக்காதே. இடிந்ததைச் சரிசெய்ய ஒருத்தரும் ஒரு கல்லைக்கூட எடுத்து வைத்ததில்லை. வாசல் மூன்று, அதில் ஒன்று சரிந்து கிடக்கிறது, வெடிமருந்து அறைக்குள் வௌவால், மேலே ஒரு சுனை, அதில் இப்போதும் தண்ணீர். வாசலைத் தாண்டினால் மதில்மேல்தான் வழி. இரண்டு ஆள் அகலம், இடது பக்கம் புதர், வலது பக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். மாதேஸ்வரி பூண் போட்ட ஒரு தடி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கல்லையும் அதால் தட்டிவிட்டுத்தான் கால் வைப்பாள், என்னையும் வைக்கச் சொல்வாள். எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் நான் செய்த வேலை அதுதானே? பிரேக் டிரம்மைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்லது கிண்ணென்று நிற்கும், விரிசல் விட்டது டொக்கென்று செத்துவிடும். நான் ரிஜெக்ட் போட்டதை ஒரு சூப்பர்வைசரும் மாற்றினது கிடையாது. அதனால் அவள் தட்டத் தட்ட நானும் காதைக் கொடுத்துக்கொண்டே போனேன்.

பாதி மதில் போயிருப்போம். அவள் ஒரு கல்லைத் தட்டிவிட்டுக் காலை எடுத்தாள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. நில்லு தாயி, வைக்காத என்று கத்திவிட்டேன், அவள் முந்தானையையும் பிடித்து இழுத்துவிட்டேன். போன வாரங்கூட இதுமேல நின்னனுங்களே என்றாள். இன்னொருக்கா தட்டு என்றேன். தட்டினாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள், பிறகு தடியைக் கொடுத்து நெம்பினாள். அவ்வளவுதான், கல் உருண்டு போய்ப் புதருக்குள் விழுந்த சத்தம் கேட்கக் கொஞ்ச நேரம் ஆனது. மழை அடியில் மண்ணை அரித்திருக்கிறது. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். மறுநாளே ஒரு குடும்பத்தை அழைத்து வர இருந்தாளாம், குழந்தையோடு. இனிமேல் அந்த இடத்தில் மேலே ஏறாமல் கீழே சுற்றிப் போகும்படி முள் வெட்டிப் போட்டு அடைத்தாள். அதற்குப் பிறகு தட்டுவது அவள், கேட்பது இரண்டு பேரும். கோட்டை மாதிரி நானும் நிற்கிறேன் என்றெல்லாம் உனக்கு வசனம் எழுத மாட்டேன். அது கல்லு, நான் மனுஷி, நான் வீட்டுக்கு வந்து சோறு பொங்க வேண்டும். ஆனால் என் காது இன்னும் செத்துப் போகவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை நீ எவ்வளவு செலவழித்தாலும் எனக்கு வாங்கித் தர முடியாது.

உச்சியிலிருந்து பார்த்தால் சிப்காட் தகரக் கூரையெல்லாம் பளபளவென்று தெரிகிறது, ரோஜாக் கொட்டகைகள், மாந்தோப்பு, ஹைவேயில் எறும்பாக லாரிகள். புளிச்சோறும் வறுத்த வத்தலும் கொண்டு போயிருந்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். இறங்கும்போது ஒரு வழுக்குப் பாறையில் முட்டி பயந்தது. வெட்கப்படாமல் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கினேன், சேலை பின்பக்கம் கிழிந்துவிட்டது. மறுநாள் கொஞ்சம் வீக்கம், ஐஸ் வைத்தேன், இன்றைக்கு இல்லை. மாதேஸ்வரியின் நம்பரை மட்டும் எழுதமாட்டேன், அடுத்த தடவை அவளுக்கும் போன் போட்டு நிறுத்துவாய்.

உனக்கு என்னைப் பற்றி எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை ஐயா. அப்பா போன அன்றைக்கு நீ ஃப்ளைட்டில் இருந்தாய், அந்தப் பயம்தான் உன்னை இப்படி ஆட்டுகிறது. விழுந்த அன்றைக்கு எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தனியாக முடியாமல் போகிற நாள் வரும், வந்தால் நானே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வேன், கூச்சப்பட மாட்டேன். அந்த நாள் எது என்று உன் போனும் ஹால் கேமராவும் சேர்ந்து தீர்மானிக்கக் கூடாது. நீ மாடிப்படி கேட்டாய், நான் மலையைக் காட்டிவிட்டேன், பேச்சு என்றால் பேச்சு. கேமராவில் துண்டு போட்டு மூடியிருக்கிறேன், ரிப்பேர் என்று ஆள் அனுப்பாதே. புரோக்கர் இனி வந்தால் காபிகூடக் கொடுக்க மாட்டேன்.

மூன்று பேரும் நோய் நொடி அண்டாமல், மனசு நிறைந்து நீடூழி வாழ வேண்டும், சுடலைமாடன் துணையிருப்பான். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு, ராத்திரி தலைமுழுக விடாதே. லீவுக்கு வரும் தேதி தெரிந்ததும் எழுது, மாதேஸ்வரியிடம் நாள் சொல்லிவைக்க வேண்டும். ஹரிணிக்கு ஷூ புதிதாக வாங்கு, பெட்டியில் கிடப்பது வேண்டாம்.

எழுத வீட்டில் நல்ல தாள் இல்லை. குடியிருப்புக்காரர்கள் ஒரு பக்கம்தான் அச்சடித்திருந்தார்கள், பின்பக்கம் எட்டும் வெள்ளையாக இருந்தது. திருப்பிப் பார், தெரியும். கடைசித் தாளில் என் கையெழுத்துதானே கேட்டாய், இதோ கீழே போட்டுவிட்டேன்.

உன் அம்மா,
சு. தங்கமணி