இனிப்புப் பெட்டியில் வந்த நாற்பத்து மூன்று பெருவிரல்கள்

அனுப்புநர்
கோ. அம்புஜவல்லி (வயது 49),
க/பெ கோவிந்தசாமி,
அம்புஜா அச்சுப் பட்டறை,
பீங்கான் தொழிற்பேட்டை பின்புறம்,
விருத்தாசலம்.

பெறுநர்
உயர்திரு சார் ஆட்சியர் அவர்கள்,
சார் ஆட்சியர் அலுவலகம்,
விருத்தாசலம்.

பொருள்: பீங்கான் தொழிலாளர் நல அட்டைத் திட்டம் – தொழிலாளர்களின் விரல்ரேகைகளை ரப்பரில் வார்த்துத் தர மறுத்தது – அதனால் 44 அட்டைகள் நிறுத்தி வைக்கப்பட்டது – அட்டைகளை விடுவிக்கவும், எங்கள் ரேகைகள் எங்கே, யாரிடம் உள்ளன என்று தெரிவிக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. திட்ட வட்டார அலுவலக அறிவிப்பு, நாள் 22.10.2025.
2. பதிவு அஞ்சலில் நான் அனுப்பிய விளக்கம், நாள் 29.10.2025 (இன்றுவரை பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது கொஞ்சம் நீளமான மனு. அச்சை அவசரப்பட்டுக் கழற்றினால் உள்ளே இருப்பது உடைந்துவிடும் என்பதால், எதையும் நிதானமாகச் செய்தே எனக்குப் பழக்கம். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1. நான் பீங்கான் பொம்மைகளுக்கும் விளக்குகளுக்கும் பிளாஸ்டர் அச்சு செய்து கொடுப்பவள். ஸ்ரீமுஷ்ணத்தில் பிறந்து இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். இருபத்தாறு ஆண்டுகளாக இதே தொழில். இன்று பதினேழு யூனிட்டுகளுக்கு என் பட்டறையிலிருந்து அச்சு போகிறது. சென்ற நவராத்திரிக்கு இங்கிருந்து வெளியூர் போன பிள்ளையார்களில் பாதிக்கு மேல் என் அச்சில் வார்த்தவை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவது வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைக்கும் இந்த மனுவுக்கும் தொடர்பு இருக்கிறது.

2. எங்கள் தொழிலில் சில கட்டுப்பாடுகள் உண்டு. அவை சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் மீறியவருக்கு மறுநாள் வேலை வராது. ஒரு யூனிட் கொடுத்த மாதிரியை இன்னொரு யூனிட்டுக்கு வார்த்துத் தரக் கூடாது. மாதிரி யாருடையதோ அவரைக் கேட்காமல் அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றக் கூடாது. வேலை முடிந்ததும், உரியவர் கண் முன்னால் அச்சை உடைத்துவிட வேண்டும். முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத இரண்டு முதலாளிகளின் மாதிரிகள் என் அலமாரியில் ஒரே தட்டில் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் ஒருவருடையது மற்றவருக்குப் போனதில்லை. பட்டறைச் சாவி என்னிடம் மட்டுமே இருக்கும். என் கணவருக்குக்கூட அதைக் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

3. கடந்த 16.09.2025 அன்று, மேற்படி நல அட்டைக்காக ஓர் ஒப்பந்த நிறுவனத்தார் தொழிற்பேட்டை அருகில் முகாம் நடத்தினார்கள். ஆதார் எண், கைப்பேசி எண், பத்து விரல் ரேகை ஆகியவற்றைப் பெற்றார்கள். இதெல்லாம் யாரிடம், எவ்வளவு காலம் இருக்கும் என்று நான் கேட்டேன். "எல்லாம் மேல போயிடும்க்கா" என்று பதில் வந்தது. மேலே என்றால் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். கொலு பொம்மை அனுப்புகிற அவசரம், பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். நானும் விரலை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று கேட்காமல் விட்டது என் தவறு.

4. அட்டை வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை இயந்திரத்தில் விரல் வைத்தால்தான் அது செல்லும். எங்கள் பகுதியில் அந்த வேலையைப் பார்ப்பவர் நிறுவனத்தின் களப்பணியாளர் திரு. பிரேம்நாத். களிமண் கையோடும் பெயிண்ட் கையோடும் இருப்பவர்களைக் கழுவ வைத்து, துடைக்க வைத்து, நாலு முறை ஐந்து முறை விரல் வைக்க வைப்பதற்குள் முதலாளி முறைக்க ஆரம்பித்துவிடுவார். எனவே பிரேம்நாத் ஒரு வழி கண்டுபிடித்தார். 09.10.2025 வியாழக்கிழமை பிற்பகல், நான் கார்த்திகை விளக்கு அச்சுகளைக் காய வைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு லட்டுப் பெட்டியோடு என் பட்டறைக்கு வந்தார். பெட்டிக்குள் நாற்பத்து மூன்று பச்சை மண் வில்லைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெருவிரல் அழுத்தம். ஒவ்வொன்றின் அடியிலும் பெயரும் ஆதார் எண்ணும் எழுதிய சீட்டு.

5. இவற்றை ரப்பரில் வார்த்துக் கொடுத்தால், மாதாமாதம் யாரையும் வேலையிலிருந்து எழுப்பாமல் தானே இயந்திரத்தில் வைத்துக்கொள்வதாக அவர் கூறினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மத்தவங்ககிட்ட போனா நாலு நாளு இழுப்பாங்கக்கா. நீங்கன்னா ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சுடுவீங்கன்னு ஊரே சொல்லுது." இது உண்மை. கேட்ட அந்த நிமிடம் எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது என்பதை மறைக்கவில்லை.

6. திரு. பிரேம்நாத் திருடர் அல்லர். அவர்மீது நடவடிக்கை கோரி இம்மனுவை எழுதவில்லை. எல்லோருக்கும் நல்லது செய்வதாகவே அவர் நினைத்தார். விரல் கொடுத்தவர்களும் அப்படியே நினைத்தார்கள். நாள் முழுவதும் மண்ணில் விரல் வைக்கிறவர்கள் நாங்கள். இயந்திரத்தில் வைக்கத் தயங்குகிறவர்கூட மண்ணில் வைக்கத் தயங்க மாட்டார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பொம்மைகளுக்குக் கண் எழுதும் திருமதி காசியம்மாளை (வயது 61) பிறகு விசாரித்தேன். "மண்ணுல வெரலு வைக்கிறது நமக்கு என்னா புதுசா? கேட்டாங்க, அமுக்கிக் குடுத்தேன்" என்றார்.

7. பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சீட்டைப் பார்க்காமலே பாதிப் பேரை என்னால் சொல்ல முடிந்தது. குறுக்கே தழும்பு ஓடியது சூளை வேலை பார்க்கும் தங்கதுரையுடையது. நடுவில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது காசியம்மாளுடையது. வார்ப்பது எனக்குக் கடினமே இல்லை. பிள்ளையார் தும்பிக்கையில் நான் செதுக்கும் சுருக்கம் மனித ரேகையைவிட நுணுக்கமானது. ஐயா, இவ்வூரில் என்னால் வார்க்க முடியாத பெருவிரல் கிடையாது, தங்களுடையது உட்பட. மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். தொழில் நிலவரத்தைச் சொல்கிறேன். என்னளவுக்கு இல்லாவிட்டாலும், இந்த வேலை தெரிந்தவர்கள் இவ்வூரில் நூறு பேராவது இருப்பார்கள். இன்றுவரை பிறர் விரல் ஒன்றைக்கூட நான் வார்த்ததில்லை. விருத்தாசலத்தில் ஒருவருடைய ரேகைக்கு இருக்கும் காவல் அவ்வளவுதான். அதைவிட நல்ல காவல் ஒன்றை அரசு போடக் கூடாதா என்பதே என் கேள்வி.

8. முடியாது என்றேன். பெட்டியையும் திருப்பித் தரவில்லை. மாதிரிக்கு உரியவர் அவர் இல்லை, நாற்பத்து மூன்று பேர். சொல்லி அனுப்பியதில் அன்று மாலைக்குள் பத்தொன்பது பேர் வந்தார்கள். அவரவர் வில்லையை அவரவர் கையாலேயே வாளித் தண்ணீரில் போட்டார்கள். சுடாத மண், கொஞ்ச நேரத்தில் கரைந்துவிட்டது. மற்ற இருபத்து நான்கையும் பூட்டி வைத்து மறுநாள் கொடுத்திருக்கலாம். இரவு முழுக்க அவை என் பட்டறையில் இருப்பதை என் மனம் ஒப்பவில்லை. நானே கரைத்துவிட்டேன். சீட்டுகளைச் சூளையில் போட்டேன். உரியவர் கண் முன்னால் உடைக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை இருபத்தாறு ஆண்டில் முதல் முறையாக மீறினேன். அதற்காக அந்த இருபத்து நான்கு பேரிடமும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வேறு யாரிடமும் கேட்க வேண்டியது இல்லை என்று கருதுகிறேன்.

9. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் பார்வை 1-இல் கண்ட அறிவிப்பு வந்தது. "திட்டத்துக்காகச் சேகரிக்கப்பட்ட விரல்ரேகைப் பதிவுகளை அழித்தவர்" என்றும் "ஒத்துழையாதவர்" என்றும் என்னைக் குறிப்பிட்டு, என் அட்டையையும் மேற்படி 43 பேரின் அட்டைகளையும் மறு சரிபார்ப்பு முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அழித்தது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் லட்டுப் பெட்டியில் ஊர்வலம் வந்த மண் வில்லைகள் எப்போது அரசுப் பதிவுகள் ஆயின என்று கேட்டு எழுதினேன். அதற்குத்தான் பதில் இல்லை.

10. இதில் அடிபட்டவர் காசியம்மாள். அவருக்கு வலது கண்ணில் புரை. இந்த அட்டையின் பேரில் 24.11.2025 அன்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மறு சரிபார்ப்புக்குப் போனார். விரலை இயந்திரம் ஏற்கவில்லை, முப்பது வருடம் பீங்கான் தேய்த்த விரல். சரி, கண்ணைக் காட்டுங்கள் என்றார்கள். அங்கே இருந்த கண் பார்க்கும் இயந்திரம், புரை இருப்பதால் அதையும் ஏற்கவில்லை. புரையை எடுக்க அட்டை வேண்டும். அட்டைக்குப் புரை இல்லாத கண் வேண்டும். இரண்டு முறை பஸ் பிடித்துப் போய், இரண்டு முறையும் அவர் காசியம்மாள் அல்ல என்று திருப்பி அனுப்பப்பட்டார். அந்த அலுவலகத்தில் இருந்த அனைவருக்கும் அவர் காசியம்மாள் என்று தெரியும். தண்ணீர் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்தவர்களும் அவர்கள்தான்.

11. அந்த மண் வில்லையை நான் வார்த்துக் கொடுத்திருந்தால் அவர் அட்டை ஓடியிருக்கும் என்று பேச்சு கிளம்பியது. காசியம்மாள் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. நான் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மைக்குக் கண் எழுதுவார். எனக்கு அது தாங்கவில்லை. அறிவிப்பு வந்தபோது ஆத்திரம்தான் வந்தது, இதற்குத்தான் அழுகை வந்தது.

12. எனவே 09.11.2025 ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பட்டறைக்கு வரச் சொன்னேன். என்னுடைய பெருவிரலை, அவர்கள் எதிரிலேயே வார்த்தேன். டீ வாங்கி எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்து டம்ளரை வைப்பதற்குள் ரப்பர் விரல் தயாராக இருந்தது. அதை என் கைப்பேசிமேல் வைக்கும்படி காசியம்மாளிடம் கொடுத்தேன். வைத்தார். கைப்பேசி திறந்தது. என் மகள் கல்யாணப் படம் அதில் தெரிந்தது. காசியம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அன்னிக்கு முகாம்ல குடுத்தது, என் பத்து வெரலும், இப்போ எங்க இருக்குது அம்புஜா?" என்று கேட்டார். ரப்பர் விரலை அவர்கள் முன்னாலேயே வெட்டிப் போட்டேன். அவர் கேள்வியைத் தங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

13. அரசு அடையாளம் கேட்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. முகவரி மாறினால் மாற்றி எழுதலாம். பூட்டுச் சாவி தொலைந்தால் வேறு பூட்டு வாங்கலாம். பெருவிரல் ஒருமுறை பிறர் கைக்குப் போனால், மாற்றிக்கொள்ள வேறு விரல் கிடையாது. ஒரு பொம்மை மாதிரிக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதையையே எங்கள் விரலுக்கும் கேட்கிறோம்.

ஆகவே, திருமதி காசியம்மாளின் அட்டையை 24-ஆம் தேதிக்கு முன்பாக, அவரை நேரில் பார்த்து, பெயர் கேட்டு விடுவிக்க ஆணையிட வேண்டுகிறேன். மற்றவர்களின் அட்டைகளையும் அவ்வாறே விடுவிக்க வேண்டும். முகாமில் பெற்ற ரேகைகள் எங்கே, யார் பொறுப்பில், எதுவரை வைக்கப்படும் என்று தமிழில் எழுதித் தர வேண்டும். தேவை முடிந்ததும் எங்களுக்குத் தெரிவித்துவிட்டு அழிக்க வேண்டும். விரலும் கண்ணும் ஒத்துவராதவர்களுக்கு மனிதர் மனிதரைப் பார்த்துச் சான்று தரும் வழி ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும். என் பெயருக்கு எதிரே உள்ள "ஒத்துழையாதவர்" என்ற சொல்லை நீக்கினாலும் சரி, நீக்காவிட்டாலும் சரி. அந்தப் பெட்டி விஷயத்தில் அது உண்மைதான்.

கடைசியாக ஒன்று. இம்மனுவில் மேற்படி 43 பேரில் முப்பத்தாறு பேர் கையெழுத்திட்டுள்ளார்கள். ஏழு பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வைப்பதுதானே வழக்கம் என்று நான் மைப்பெட்டி வாங்கி வைத்திருந்தேன். காசியம்மாள் அதன் மூடியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். "வெரலு வேணாம். நாங்களே நேர்ல வந்து பேரு சொல்றோம். கேட்டுக்கட்டும்" என்றார். மற்ற ஆறு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

வரும் 17.11.2025 திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் தங்கள் அலுவலகம் வருகிறோம். அந்த ஏழு பேரும் ஒவ்வொருவராகத் தங்கள் முன் நின்று, தம் பெயரைத் தம் வாயால் சொல்வார்கள். தாங்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டு, கையெழுத்தாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இணைப்பு:
1. 22.10.2025 அறிவிப்பின் நகல்.
2. என் விளக்கத்தின் நகலும் அஞ்சல் ரசீதும்.
3. முப்பத்தாறு பேரின் கையெழுத்துத் தாள்.
4. லட்டுப் பெட்டி ஒன்று (காலி).

இடம்: விருத்தாசலம்
நாள்: 14.11.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. அம்புஜவல்லி
(கையெழுத்து)

நேரில் பெயர் சொல்வோர்: காசியம்மாள், மேலும் ஆறு பேர். அந்த ஆறு பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவர்களே சொல்வார்கள்.