மேய்ச்சல் நிலத்தைப் பற்றி நான் சொன்ன பொய்

எங்கிருந்தாலும் என் அண்ணனாகவே இருப்பவனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. நேற்றுதான் நம் ஊர் கம்மாபுரம் வந்தேன். உன் ஏழு மாடுகளும் நன்றாக இருக்கின்றன. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. அண்ணிதான் இப்போது மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறார்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் மேய்ச்சல் நிலத்தின் மேல்மண்ணைக் கேட்டுச் செங்கல் சூளைக்காரர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? மாடுகள் கடித்துக் கடித்து, நிலம் கட்டாந்தரையாகக் கிடந்தது. கொடுத்துவிடலாம் என்றாய். சிதம்பரத்தில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் திமிரில் நான்தான் தடுத்தேன். நிலத்தை நான்காகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து, மற்ற மூன்றுக்கும் ஓய்வு கொடுக்கச் சொன்னேன். புல் காற்றிலிருக்கும் கரியை, அதாவது கார்பனை, இழுத்து வேர் வழியாக மண்ணில் சேர்க்கும். ஒட்ட மேய்ந்தால் வேர் செத்து, சேர்ந்த கரியும் காற்றோடு போய்விடும் என்றேன்.

நீ சிரித்தாய். "இந்தப் பக்கமெல்லாம் பூமியத் தோண்டிக் கரி எடுக்குறாங்க. நம்ம மாடு உள்ள கொண்டுபோயி வைக்கப் போவுதா?"

"மாடு வைக்காதுண்ணா, புல்லுதான் வைக்கும். மாடு அதுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கணும்."

"சரி பாப்பா, குடுத்துப் பாப்போம்."

வேலி போட்டாய். முதல் கோடையில் தீனி போதாமல் இரண்டு மாடுகளை விற்றாய். ஊரே கேலி பேசியது. இரண்டு வருஷம் கழித்து மண் எடுத்துப் போய்ப் பார்த்தேன். மண்ணில் கரி துளிகூடக் கூடவில்லை, அண்ணா. முடிவு கேட்டுச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாய். கறுத்து இளைத்திருந்தாய். "கூடியிருக்குண்ணா" என்றேன். நீ என் தலையைத் தடவிவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாய்.

'தானே' புயல் அடித்த அன்று காலை மாடுகளை அவிழ்த்துவிட ஓடினாய். கடைசி மாட்டையும் அவிழ்த்த பிறகு பலாமரம் உன்மேல் சாய்ந்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே எல்லாவற்றையும் விற்றிருப்பாயோ? இன்று இருந்திருப்பாயோ?

நேற்று அண்ணியிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை நிறுத்தவில்லை.

"அவருக்கு அன்னிக்கே தெரியும். வூட்டுக்கு வந்ததும் சொன்னாரு, 'பாப்பா பொய் சொல்லுது, மூஞ்சியே காட்டிக் குடுத்துடுச்சி. கூடலன்னா பரவால்ல, புல்லு தழைக்குது, இன்னும் ரெண்டு வருஷம் பாப்போம்'னு. உங்கிட்ட சொல்லாதன்னுட்டாரு."

தெரிந்துமா வேலியைப் பிரிக்காமல் விட்டாய்? தெரிந்துமா என் தலையைத் தடவிவிட்டு பஸ் ஏறினாய்?

இன்று காலை அண்ணியும் நானும் நான்கு பகுதியிலும் மண் எடுத்தோம். புல் முழங்கால் உயரம் நிற்கிறது. முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது. கூடினாலும் குறைந்தாலும் உள்ளதை உள்ளபடி அண்ணியிடம் சொல்வேன். இது சத்தியம்.

உன் முன்னால் பொய் சொல்லத் தெரியாத,
உன் தங்கச்சி.