தானாகச் சுற்றிய ரம்பம்

செவ்வாய், இரவு.

வாங்கி நான்கே நாளான மரம் அறுக்கும் மெஷினை இன்று கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளிக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். நேற்று என் வீட்டுக்காரர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளேடில் சிக்கிய மரச் சிம்பை எடுக்கக் கை நீட்டியபோது அது தானாகச் சுற்றியது. சட்டைக் கை கிழிந்ததோடு போனது.

சண்டை போடத் தயாராகத்தான் போனேன். கடைக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அதுக்கென்னம்மா, வேற பீஸ் எடுத்துக்கங்க" என்றார்.

பில்லைக்கூடப் பார்க்காமல் யார் மாற்றித் தருவார்கள்? எனக்கு உறுத்தியது. மெஷினை உள்ளே தூக்கிப் போன ஆள் அவரிடம் கன்னடத்தில், "இதூ வாபஸ் பந்தா?" என்றார். இதுவும் திரும்பி வந்துவிட்டதா என்கிறார். எனக்குக் கன்னடம் தெரியாதென்று நினைத்துவிட்டார்கள்.

நானும் கன்னடத்திலேயே, இன்னும் எத்தனை பேருக்கு விற்றீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் முகம் மாறியது.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. ராயக்கோட்டைக்குப் போயிருக்கு."

அதை வாங்கிப் போனவர்கள் நம்பரை வாங்காமல் நான் நகரவில்லை. அங்கேயே நின்று போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ரம்பத்தின் இரைச்சல்.

"அவரு வேலையா இருக்காருக்கா."

"மொதல்ல ஓடிப்போயி பிளக்கப் புடுங்கும்மா!" என்று கத்தினேன்.

இரைச்சல் நின்றது. மூச்சு வாங்க வந்து, "புடுங்கிட்டேன்கா. யாருக்கா நீங்க?" என்றாள். நானும் அதே மெஷினை வாங்கியவள்தான் என்று சொல்லி, இனி அதைத் தொடவே வேண்டாமென்றேன்.

வேறு மெஷின் வேண்டாமென்று பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் ஒன்றே ஒன்று என்று சொன்னபோது கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்கு மறுபடி போகிறேன். பில் புத்தகத்தை என் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன்.