ஆறு கிளாஸ் கோதுமை பீர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? புது வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாயே, ஆள் வந்து பார்த்தானா? இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார். அதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு வரியில் எழுத முடியாது. அதனால்தான் கடிதம்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "அம்மா, நீ வேணும்னே செஞ்சியா?" அவ்வளவுதான் இருந்தது. பல் டாக்டர் மாமா உன்னிடம் பேசியிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். நாலு தரம் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பாதியில் நீ அழுதிருப்பாய், நானும் ஏதோ சொல்லி மழுப்பியிருப்பேன். அவரிடம் பிற்பாடு, தெரியாமல் ஜாடி மாறிப்போச்சு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன்.

நம் வீட்டுச் சனிக்கிழமைகளை நீ மாடியிலிருந்துதான் பார்த்திருக்கிறாய். கீழே நீள மேசை, எட்டு நாற்காலி. பின்கட்டு ஷெட்டில் அப்பா விற்பனைக்குக் காய்ச்சிய பீரை நான் ஜாடிகளில் பிடித்து, சின்னக் கிளாஸ்களில் ஊற்றிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். லாகர் முதலில், பிறகு கோதுமை, பிறகு கசப்பு ஏறியது, கடைசியில் கரி மாதிரி கறுத்த ஸ்டவுட். பல் டாக்டர், அச்சாபீஸ்காரர், அப்பாவின் சிநேகிதர்கள் இன்னும் நாலைந்து பேர். அப்பா கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வார். இதில் ஆரஞ்சுத் தோல் இருக்கிறது, அதில் வறுத்த காபிக்கொட்டை இருக்கிறது, இது போன தடவையைவிட ஒரு பிடி மெல்லிசு என்று. மற்றவர்கள் அதைக் குறித்துக்கொள்வார்கள். அவருக்கு அபாரமான மூக்கு, அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

நீ பிறப்பதற்கு முந்தின வருடம், அப்படி ஒரு சனிக்கிழமை, எனக்கும் ஒரு கிளாஸைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்கு அழகாகப் பேச வராது. தோன்றியதைச் சொன்னேன், நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வருகிறது என்று. மேசையே சிரித்தது. அச்சாபீஸ்காரருக்குப் புரையேறிவிட்டது. அன்றைக்கு அப்பா எனக்கு வைத்த பெயர்தான் அட்டைப்பெட்டி. மூன்று நாள் கழித்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த டேங்க் முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டார். காற்று புகுந்துவிட்டதாம். காற்றுப் பட்டுக் கெட்ட பீருக்கு அந்த வாசம்தான் வரும் என்று அவருடைய புத்தகத்திலேயே போட்டிருப்பதை நான் பிற்பாடு படித்தேன். அவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை. பெயரை மட்டும் விடவில்லை. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட, "எங்க அட்டைப்பெட்டி காபி கொண்டுவருவா" என்றார். உன் மாமியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆறு வயதில் நீயும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாய். உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

போன வருடம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தாரே, அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஷெட்டில் மால்ட் தானிய மூட்டைகளுக்கு அடியில் எலி செத்துக் கிடந்தது. வேலைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். அப்பா அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பார்த்ததுமே விளங்கிவிட்டது.

அந்த வாரமே அவர் சட்டைப்பையில் டாக்டர் சீட்டு கிடைத்தது. மூக்கு நரம்பு செத்துவிட்டது, திரும்ப வர வாய்ப்பில்லை என்று எழுதியிருந்தது. தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான் சீட்டை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நல்ல பெண்டாட்டியாக இருந்தால் அன்றைக்கே அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் மறுநாள் ஒரு கிளாஸைச் சோப்புத்தூள் தண்ணீரில் முக்கி, அலசாமல், அதில் லாகரை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ரொம்ப சுத்தமாக இருக்கிறது என்றார். நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சிரித்தேன், பாப்பா. உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை.

எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவரும் சமாளித்தார். கசப்பும் புளிப்பும் இனிப்பும் நாக்கிலேயே தெரியும், நிறம் கண்ணுக்குத் தெரியும், மிச்சத்துக்குப் பழைய நோட்டுப் புத்தகம் இருந்தது. வாசனைக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தார். பேசுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "அட்டைப்பெட்டி என்ன சொல்றா?" என்று கேட்பார். நான் ஏதாவது சொல்வேன், பழுத்த வாழைப்பழம் என்றோ, பல்வலிக்கு வைக்கிற கிராம்பு என்றோ. எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அதையே அப்பா நல்ல வார்த்தைகளில் எடுத்துச் சொல்வார், அவர்கள் குறித்துக்கொள்வார்கள். அது எனக்கு உறைக்க மூன்று சனிக்கிழமை ஆயிற்று. என் மூக்கை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது, அதற்கும் கேலிதான் எனக்குக் கூலி.

அந்த மனுஷன் ஒரு தடவை, தனியாக இருக்கும்போது, எனக்கு வாசனை போய்விட்டது, நீ கூட இரு என்று கேட்டிருந்தால் ஆயுசுக்கும் இருந்திருப்பேன்.

இனி அந்த நாள். பெரிய ஹோட்டல் ஒன்றிலிருந்து கொள்முதல் பார்க்கிற அம்மா வந்திருந்தார். தங்கள் ஹோட்டலுக்கென்று நம்மைப் போன்ற சின்ன இடத்தில் காய்ச்சிய கிராஃப்ட் பீர் ஒன்றே ஒன்று எடுக்கப் போகிறார்கள். அதற்காக அப்பா ஆறு விதமாகக் கோதுமை பீர் காய்ச்சியிருந்தார். ஆறுக்கும் நிறம் ஒன்று, கசப்பு ஒன்று. ஈஸ்டும் ஹாப்ஸ் பூவும் மட்டும்தான் வேறு. வித்தியாசம் முழுக்க வாசனையில்தான். காலையிலிருந்து அவர் என் பின்னாலேயே சுற்றினார், ஒவ்வொரு டேங்கும் எப்படி வந்திருக்கிறது என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு. எனக்கு ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன். பிறகு ஷெட்டுக்குப் போய், ஆறு ஜாடியையும் மூன்றாம் டேங்கிலேயே பிடித்து, ஒன்று முதல் ஆறு வரை சீட்டு ஒட்டினேன்.

என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கே முடிவாகத் தெரியாது. அவர் திணறுவதை ஒரு ஓரமாக நின்று பார்த்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் திணறினதும், ஜாடி மாறிவிட்டது, என் தப்பு என்று சொல்லி எடுத்துப் போயிருப்பேன்.

வழக்கம்போல என் பக்கம் திரும்பிக் கேட்டார். நான் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க, நீங்களே சொல்லுங்க என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அவர் திணறவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. முதல் கிளாஸில் வாழைப்பழம் என்றார். இரண்டாவதில் கிராம்பு தூக்கல் என்றார். மூன்றாவதில் ஆரஞ்சுத் தோல், நாலாவதில் தேன், ஐந்தாவதில் புதிதாக அறுத்த புல். ஆறாவதுக்குக் கண்ணை மூடி, வெள்ளை மிளகு என்றார். அத்தனை அழகாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அச்சாபீஸ்காரர் ஒவ்வொன்றையும் ஆமோதித்து எழுதிக்கொண்டார். பல் டாக்டர் மட்டும் தன் கிளாஸ்களை மாற்றி மாற்றி முகர்ந்துவிட்டுப் பேசாமல் வைத்தார்.

ஹோட்டல்கார அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார், மன்னிக்க வேண்டும், எனக்கு ஆறும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது என்று. அப்பா சிரித்தார். "உங்க நாக்கும் எங்க வீட்டு அட்டைப்பெட்டி மாதிரிதான் போலிருக்கு" என்றார். மேசையும் சிரித்தது. அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த முகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

துணியை மேசைமேல் வைத்தேன். "ஆறும் ஒரே டேங்க்தான்" என்றேன். "நான்தான் பிடிச்சேன். அவருக்கு வாசனை போயி எட்டு மாசமாச்சு. உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?"

அச்சாபீஸ்காரர் எழுதிய காகிதத்தைக் கையால் மூடிக்கொண்டார். அப்பா ஆறாவது கிளாஸை எடுத்து மறுபடி முகர்ந்தார். எல்லோரும் பார்க்க, விட்டு விட்டு இழுத்து, ரொம்ப நேரம் முகர்ந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். செருப்பு மேசைக்கு அடியிலேயே கிடந்தது.

எல்லோரும் போன பிறகு நான் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"எலி செத்த நாள்லேர்ந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

அதோடு சரி. இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

நாலு நாள் கழித்து ஹோட்டல்கார அம்மா திரும்ப வந்தார், என்னைப் பார்க்க. ஆறு டேங்கையும் நானே ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்தேன். இருவரும் நின்றபடியே முகர்ந்து பார்த்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதுதான் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. ஷெட்டில் வேலைக்காரர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். சனிக்கிழமைக் கூட்டம் நின்றுவிட்டது. அச்சாபீஸ்காரர் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா என்று நீ கேட்பாய். முதல் வாரம் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், ரொம்பவே இருந்தது.

பத்து நாள் முன்னால் மதியம் ஷெட்டுக்குப் போனேன். அப்பா தரையில் மண்டி போட்டு, புதிதாக வந்த மால்ட் மூட்டையைப் பிரித்து, முகத்தைக் காது வரைக்கும் உள்ளே புதைத்திருந்தார். முதுகு ஏறி இறங்கிற்று. முகர்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் கூப்பிடவில்லை, திரும்பியும் போகவில்லை. அவர் நிமிரும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மூக்கெல்லாம் மாவாக இருந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை.

நேற்று மழை பெய்தது. வெயிலில் பொரிந்து கிடந்த மண்ணில் முதல் மழை. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பாமலே கேட்டார், "மண் வாசனை வருதா?"

வீடு முழுக்க வந்தது, பாப்பா. அடுப்படி, மாடிப்படி, மடித்த துணி, எல்லாவற்றிலும் அதுதான். "இல்ல, வரல" என்றேன்.

"மழை பத்தல போல" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார். கல்யாணமான நாள் முதல் நான் சொன்ன ஒன்றை அவர் கேலியும் மறுபேச்சும் இல்லாமல் நம்பியது நேற்றுத்தான்.

இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. காலையில் போய்ச் சொல்லிவிடலாம் என்று காபியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். வாய் வரவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை என்று நினைக்கிறேன். அடங்கிவிட்டால் இந்த வீட்டில் அவரோடு எதை வைத்துப் பேசுவது என்றும் தெரியவில்லை.

நீ என் மேல் கோபமாக இரு, பரவாயில்லை, என்னிடம் பேசாமலும் இரு. ஞாயிற்றுக்கிழமை அவரை மட்டும் கூப்பிடு. அன்றைக்குப் பெய்த மழைக்கு அங்கே மண் வாசனை வந்ததாம், வீடே மணத்ததாம், அம்மா எழுதியிருந்தாள் என்று சொல்லு. அவர் இன்னும் ஏதாவது கேட்டால் பொறுமையாகச் சொல்லு. உனக்கு அவரைப்போல அழகாகப் பேச வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நிறைவாக இருக்க வேண்டும். கூப்பிட மறந்துவிடாதே, கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா