கவுன்டர் முன்னால் தூக்கிய கை

ஊரிகம்,
9.2.1998

அன்பு மகள் வினோலியாவுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். நீயும் மாப்பிள்ளையும் பாப்பா சோனியாவும் சுகந்தானே?

ஈஸ்டருக்குப் பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு நான் வரவில்லையம்மா. பிரசவம் முடிந்து உங்களைக் கொண்டுபோய் விட்டதே போதும். கைக்குழந்தையோடு நீ அங்கே ஏர்போர்ட்டில் குடியிருப்போர் வரிசையில் போய்விட்டாய். நான் வெளிநாட்டார் வரிசையில் கால் கடுக்க நின்றேன். பாஸ்போர்ட் பார்க்கும் கவுன்டருக்கு வந்ததும் புத்தி தங்கச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. ஷிப்ட் முடிந்து கேஜ் லிப்டில் மேலே வந்தால், தங்கம் ஒளித்திருக்கிறோமா என்று சோதிப்பார்களே, அதே மாதிரி யாரும் கேட்காமலே ஷூவைக் கழற்றி, கையைத் தூக்கி, வாயைத் திறந்து நின்றுவிட்டேன். சந்தேகப்பட்டு அறைக்குள் கூட்டிப்போனார்கள். வெளியே வந்தால் நீ அத்தனை பேர் முன்னால் அழுதுகொண்டு நிற்கிறாய். மறுபடியும் உனக்கு அந்த வெட்கம் வேண்டாம். போட்டோ அனுப்பு.

அப்பா ஹரோல்ட்


27.2.1998

பிரியமுள்ள அப்பா,

வெட்கப்பட்டு அழுதேன் என்று யார் சொன்னது? உங்களை என்ன செய்கிறார்களோ என்ற பயத்தில் அழுதேன். நர்ஸ் வேலைக்கு வந்து நாலு வருஷம், கையில் இங்கே குடியிருக்கிற கார்டும் இருக்கிறது. இன்னும் ஒவ்வொரு தடவையும், "எதுக்கு வந்தே?" என்றுதான் கேட்கிறார்கள். என் வீட்டுக்கு வந்தேன் என்று சொல்ல வாய் வரை வரும். நம் முறை வரும்போது கவுன்டரை மூடிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகச் சொல்வார்கள். எனக்கே இந்த மரியாதைதான்.

தாத்தா தூக்கிக் கொடுக்காமல் ஞானஸ்நானம் இல்லை என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் வராவிட்டால் அவள் கல்யாணத்தன்று பார்த்துக்கொள்ளலாம். இந்த முறை இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பெண்,
வினோலியா


ஊரிகம்,
16.3.1998

அன்பு மகளுக்கு,

வருகிறேன், சண்டை போடாதே. பக்கத்து லைன் வீட்டு ஏசுபாதம் தினமும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆபீசர் வேஷம் போடுகிறான். நான் போய் நிற்கிறேன். "இன்னாப்பா, மறுபடியும் கை மேல போவுது?" என்று சிரிக்கிறான். முப்பது வருஷப் பழக்கம், பாக்கெட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் பாப்பாவுக்கு வாங்கிய வெள்ளை கவுனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

அப்பா


2.8.1998

பிரியமுள்ள அப்பா,

ஞானஸ்நானம் முடிந்து மூன்று மாதம் இருந்துவிட்டு நீங்கள் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

போன வாரம் பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்பினோம். இரண்டு விமானம் ஒன்றாக வந்து இறங்கியதில் வரிசை நகரவே இல்லை. கடைசியில் கவுன்டருக்குப் போனால், ஆபீசர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்க்கிறார். என் இடுப்பிலிருந்த உங்கள் பேத்தி இரண்டு கையையும் தூக்கி, ஆவென்று வாயைத் திறந்தாள். அவர் திகைத்துப்போய், பிறகு சத்தமாகச் சிரித்து, பக்கத்துக் கவுன்டர்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். எதற்கு வந்தாய் என்று கேட்காமலே முத்திரை குத்தினார்.

நான் டியூட்டிக்குப் போன நேரத்தில் தாத்தாவும் பேத்தியும் இன்னா வேலை பண்ணீங்க?

வினோலியா


ஊரிகம்,
19.8.1998

அன்பு மகளுக்கு,

விளையாட்டுக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன். கையைத் தூக்கினால் கிச்சுக்கிச்சு மூட்டுவேன், சிரிப்பாள். உன் கடிதத்தை ஏசுபாதத்துக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மனசில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது.

ஷூவைக் கழற்ற மட்டும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அப்போது அவளுக்கு ஷூ ஏது? கிறிஸ்துமஸுக்கு வரும்போது வாங்கி வருகிறேன்.

அப்பா