கால்வாய்க்குத் தெற்கே

1985 மார்ச் 4, திங்கள்

ஒரு தலைநகரத்தைக் காப்பதென்றால் அதில் யாரைக் காப்பது? காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலைசெய்யும் நூலகத்துக்கு ஒரு தட்டச்சுப் பிரதி வந்திருக்கிறது. எழுதியவர் உலகயுத்தத்தில் கொழும்பில் இருந்த ஜெனரல். ஓய்வுபெற்று, நாங்கள் வந்து சேர்ந்த இந்த ஊரில், ரெமுவேராப் பகுதியில் இறந்தவர். யப்பான்காரர் வந்து இறங்கினால் கொழும்பை எப்படிக் காப்பது என்பதுதான் விஷயம். பட்டியலிடும் வேலை என்னிடம் வந்தது. இடப்பெயர்களைச் சரியாக வாசிக்க ஆள் வேண்டுமாம்.

இரவு சாப்பிடும்போது கணவரிடம் அதில் ஒரு வரியைச் சொன்னேன்: "ஒரு தெருவும் கைவிடப்படாது." இவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 8

வெள்ளிக்கிழமைப் பூசை, பள்ளிக்கூட மண்டபத்தில். வடைக்கு நின்றபோது இவர் நண்பர் ஜெயரட்ணத்திடம் சொல்கிறார்: "எங்கட வெள்ளவத்தையை விடமாட்டம் எண்டு ஒரு ஜெனரலே எழுதி வைச்சிருக்கிறான். இப்ப கொழும்பு அமைதி. பழைய கந்தோரில என்னைத் திருப்பி எடுக்கினம்."

"எண்பத்திமூண்டில அந்த ஜெனரல் லீவிலயோ, இராசநாயகம்?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் வடையைப் பிய்த்துக்கொண்டே நின்றார்.

அங்கே அலுவலகத்தில் இவர் தலைமைக் கணக்காளர். இங்கே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். அந்த வலி எனக்குப் புரியாமலில்லை. அதற்காக, எங்கள் வீட்டை எரித்த தெருவுக்கே திரும்புவதா?

மார்ச் 12

இன்று ஓரக்குறிப்புகளுக்கு வந்தேன். பென்சில், ஜெனரலின் கையெழுத்து. "ஒரு தெருவும் கைவிடப்படாது" என்ற வரிக்கு நேரே: "கால்வாய்க்குத் தெற்கே விட்டுவிடலாம். பாலத்தைத் தகர்க்கும்வரை அங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டாம்."

கால்வாய்க்குத் தெற்கே வெள்ளவத்தை. எங்கள் வீடும்.

எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து இருந்தேன். மறுபடியும் எழும்பினேன்.

மார்ச் 13

இவரிடம் சொன்னேன்.

"அது யப்பான்காரன் வந்தா எண்டு எழுதினது. இப்ப ஆர் வாறான்?"

"எண்பத்திமூண்டில வந்தவங்களை நீங்கள் பாக்கேல்லையோ?"

வேலைச் சப்பாத்தைப் போட்டார். வாசலில் நின்று, "நாளைக்கு டிக்கெட் எடுக்கிறன். ரெண்டு பேருக்கும்" என்றார்.

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வருவேன் என்றும் சொல்லவில்லைதான் —

மார்ச் 14

எடுத்தார். ஒன்று.

"எனக்கு?"

"நீர் இரும். முதல்ல நான் போய்ப் பாக்கிறன்."

அவர் குளிக்கப் போனபின் டிக்கெட் உறையைத் திறந்து பார்த்தேன். திரும்பி வருவதற்கும் எடுத்திருக்கிறார்.